ஹார்லெக் அரசின் துரோக முத்திரை

பார்மத்,
3 பிப்ரவரி 1986

திரு. கீத் ஓக்லி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான் உங்கள் மாமியாராக எழுதவில்லை. ஹார்லெக் விண்வெளி அரசின் ஆட்சியாளராக எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம்.

என் கணவர் இத்ரிஸ் நவம்பரில் போன பிறகும் ஸ்டாக்போர்ட்டிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பழுப்பு உறை வந்துகொண்டே இருந்தது. நீங்கள் இருவரும் தபாலில் ஆடிய அந்த 'நூறு சூரியன்கள்' விளையாட்டின் அறிக்கை என்று தெரியும். பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். போன வாரம் நான்காவது உறை வந்தபோது உட்கார்ந்து நான்கையும் பிரித்தேன். ஆட்டக்காரரிடமிருந்து உத்தரவுத் தாள் வராவிட்டால், முந்தைய சுற்றில் எழுதிய உத்தரவே மறுபடியும் நடக்குமாம். இத்ரிஸின் சுரங்கக்காரர்கள் மூன்று மாதமாக ஒரே பாறையைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

இன்னும் பதினொரு சுற்றுக்கு அவர் முன்பே பணம் கட்டி வைத்திருக்கிறார். கட்டியதை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை. ஸ்டாக்போர்ட்டில் இருக்கும் நடுவர் திரு. லென்தாலுக்கு எழுதிக் கேட்டேன். நான் தாராளமாக ஆளலாம், ஆனால் நட்பு நாடுகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றார். இத்ரிஸுக்கு ஒரே ஒரு நட்பு நாடுதான் இருந்திருக்கிறது. அது உங்களுடைய மெர்சியா.

எனவே தெரிவித்துவிட்டேன். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, எதைச் செய்யக் கூடாது என்று சுருக்கமாக எழுதினால் போதும். வேறு எதையும் எழுதும்படி நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மிசஸ் ஒல்வென் பிரஸ்ஸர்


வுல்வர்ஹாம்ப்டன்,
9 பிப்ரவரி 1986

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

அத்தை என்று எழுதிவிட்டேன். பிடிக்காவிட்டால் பேனாவால் அடித்துவிடுங்கள், மீதியைக் கோபப்படாமல் படியுங்கள்.

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் உடனே பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். மாமாவின் அடக்கத்தன்று சபைக் கூடத்தில் நடந்ததற்குப் பிறகு நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வாழ்த்து அட்டைகூடப் போகவில்லை. உறையைத் திறந்தால் ராஜாங்க விஷயம். உண்மையில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மாமா இருந்திருந்தால் என்னைவிட அதிகமாகச் சிரித்திருப்பார்.

ஒப்பந்தம் எளிமையானது. நாம் ஒருவரை ஒருவர் தாக்கக் கூடாது. போர் வேண்டும் என்றால் இரண்டு சுற்றுக்கு முன்பே கடிதம் போட்டுச் சொல்லிவிட வேண்டும். இது நட்பு நாட்டுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொருந்தும். சொல்லாமல் அடித்தால் துரோக முத்திரை விழும். முத்திரை விழுந்தால் பத்துச் சுற்றுக்கு உங்கள் சொந்த மக்களே உங்களை வெறுப்பார்கள், விளைச்சல் பாதியாகும், உங்கள் பெயரை லென்தால் செய்திமடலின் முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டத்தில் போடுவார். அதைவிட மோசம், முத்திரை விழுந்தவரை யார் வேண்டுமானாலும் முன்னறிவிப்பு இல்லாமல் அடிக்கலாம். அவர்களுக்குத் தண்டனை கிடையாது. அதற்கென்றே காத்திருக்கும் ஆட்கள் உண்டு. டண்டீயில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், பெயர் காஸ்கி. அவரிடம் ஜாக்கிரதை.

என் உலகங்களின் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று முறைக்கு மேல் தேர்வில் தோற்ற மாணவர்களின் பெயரை என் கிரகங்களுக்கு வைத்திருக்கிறேன். உங்கள் எல்லையை ஒட்டி இருக்கும் பச்சை உலகம் மிஸ் பெடோஸ். ஏழு முறை தோற்றவர்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் பெண் நெஸ்டா நலம்.

அன்புடன்,
கீத்


பார்மத்,
23 மார்ச் 1986

அன்புள்ள கீத்,

பேனாவால் அடிக்கவில்லை. போகட்டும்.

உங்கள் பல் டாக்டர் எனக்குக் கடிதம் போட்டார். கணவரை இழந்த உங்களுக்கு இந்தக் கடினமான விளையாட்டு பாரமாக இருக்கும், உங்கள் தாது உலகங்கள் இரண்டை என் பொறுப்பில் விட்டால் மெர்சியாவிடமிருந்து உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நான்கு பக்கம். கடைசியில் அனுதாபங்கள் வேறு.

இருபத்தாறு வருடமாக மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் சிப்ஸ் கடை நடத்துகிறேன். மீன் வியாபாரி, உருளைக்கிழங்குக்காரர், பொரிக்கிற கொழுப்பு விற்கிறவர் எல்லோரும் முதலில் இப்படித்தான் அன்பாகப் பேசுவார்கள். நான் என்ன செய்வேன் என்றால் பதிலே சொல்ல மாட்டேன். டாக்டருக்கும் சொல்லவில்லை. இரண்டாவது கடிதத்தில் ஒரு உலகம் போதும் என்றார். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவதில் அவரே ஒரு உலகத்தை எனக்குத் தருவதாகவும் நட்பாக இருக்கலாம் என்றும் எழுதினார். வாங்கிக்கொண்டேன். நட்பைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்து, முறைப்படி இரண்டு சுற்று முன்னறிவிப்போடு போர்க் கடிதம் அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலில், நகலோடு. எனக்கு எந்த முத்திரையும் விழாது. விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டேன். இத்ரிஸ் ஓரங்களில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். பாதி இடத்தில் "கீத்தைக் கேட்க வேண்டும்" என்று இருக்கிறது.

அந்த மனிதர் உங்களோடு இவ்வளவு பேசிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. வேலை நேரத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று திட்டியிருக்கிறேன்.

அங்கே இன்னும் குளிராமே. அவளுக்கு மார்ச்சில்தான் தொண்டை கட்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஒல்வென்


வுல்வர்ஹாம்ப்டன்,
13 ஏப்ரல் 1986

அன்புள்ள அத்தைக்கு,

பல் டாக்டருக்கே பல் பிடுங்கிய உங்கள் திறமையை என்னவென்று சொல்வது. ஆறு வருடமாக ஆடுகிறேன், அவரிடமிருந்து எனக்கு ஒரு கல்கூடக் கிடைத்ததில்லை. நான் உடனுக்குடன் பணிவாகப் பதில் எழுதுகிறவன். அதுதான் என் தவறு போலிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த அன்று நெஸ்டா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதங்கள் வருவது அவளுக்குத் தெரியும். வாசலில் கிடந்தால் தாண்டிப் போவாள், எடுக்க மாட்டாள். நான் டாக்டர் கதையைச் சத்தமாகப் படித்தேன், எனக்கு நானே படிப்பது மாதிரி. "வாங்கிக்கொண்டேன்" என்ற இடம் வந்தபோது இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். என் நீலச் சட்டையை அன்று இரண்டு முறை தேய்த்தாள்.

தொண்டை கட்டித்தான் இருந்தது. தேனும் எலுமிச்சையும் கொடுத்தேன். யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

போரை நன்றாக நடத்துங்கள். மூன்றாம் படையை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கிழக்கே அனுப்பினால் டாக்டரின் உலகத்துக்கு அடுத்தது என்னுடைய மிஸ் பெடோஸ். பாவம், ஏற்கெனவே நொந்து போனவர்.

அன்புடன்,
கீத்


பார்மத்,
8 ஜூன் 1986

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்கள் இந்நேரம் அறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எப்படி நடந்தது என்று என் வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

போன சுற்றில் நான் எழுதிய உத்தரவு, "மூன்றாம் படை: கிழக்கே ஒரு நட்சத்திரம் நகர்ந்து, அங்குள்ள உலகத்தைத் தாக்கு." டாக்டரின் உலகம் விழுந்தது. எல்லாம் ஒழுங்கு. இந்தச் சுற்றுக்குப் படையை மேற்கே திருப்பச் சொல்லித் தெளிவாக எழுதினேன். அன்றைக்கே ஃப்ளீட்வுட்டில் இருக்கும் மீன் வியாபாரி கிளெக்குக்கும் வாரப் பட்டியல் எழுதினேன். கடையில் விடுமுறைக் கூட்டம். இரண்டையும் மடித்து, இரண்டு உறையில் போட்டு, ஒட்டி, ஓடிப் போய்த் தபாலில் சேர்த்தேன்.

புதன்கிழமை கிளெக் போன் செய்தார். கடையில் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர் குரல் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது, போனே தேவையில்லை. "மிசஸ் பிரஸ்ஸர், மூணாவது படைய மேற்கே திருப்பச் சொல்லியிருக்கீங்க. எங்க லாரி அந்தப் பக்கம் போறதில்ல. ஹாடாக் மீன் வேணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

லென்தாலுக்குப் போனது ஆறு பெட்டி ஹாடாக், நான்கு பெட்டி காட் மீன், ஒரு டின் மாட்டுக்கொழுப்பு. இதை எந்த நட்சத்திரத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை என்று அறிக்கையின் அடியில் எழுதியிருக்கிறார். முறையான உத்தரவு வராததால் பழைய உத்தரவு மறுபடி நடந்துவிட்டது. கிழக்கே இன்னும் ஒரு நட்சத்திரம். அங்குள்ள உலகத்தைத் தாக்கு.

அப்படி அடிபட்டது உங்கள் மிஸ் பெடோஸ், நாற்பது லட்சம் பேர் இருக்கும் உலகம். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், லென்தாலுக்கும் தெரியும். ஆனால் விதி விதிதானாம். முத்திரை விழுந்துவிட்டது. அடிபட்டவர் மன்னிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு, என்ன ஈடு வாங்கினார் என்று எழுதி அனுப்பினால் மட்டுமே நீங்கும். ஒரு தாளை இணைத்திருக்கிறேன். ஈடாக என்ன வேண்டுமோ கேளுங்கள். டாக்டரிடம் பிடித்த உலகம், தாதுக் கப்பல்கள், எதுவானாலும் சரி. சீக்கிரம் அனுப்புங்கள், அந்த ஆள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

மிஸ் பெடோஸிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் அத்தை,
ஒல்வென்


வுல்வர்ஹாம்ப்டன்,
15 ஜூன் 1986

அன்புள்ள அத்தைக்கு,

வயிறு வலிக்கச் சிரித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்துவிட்டார். மிஸ் பெடோஸிடமும் சொன்னேன். தன் பெயரில் ஒரு கிரகம் இருப்பதே இப்போதுதான் அவருக்குத் தெரியும். பெருமைப்பட்டார்.

இப்போது ஈடு. இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

எனக்கு உலகம் வேண்டாம், கப்பல் வேண்டாம். நெஸ்டாவுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதுதான் நான் கேட்கும் ஈடு.

அன்று சபைக் கூடத்தில் அவள் எல்லோருக்கும் சாண்ட்விச் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள்: "உன் கவலையிலயேதான் உங்கப்பா போய்ச் சேர்ந்தார்." விவாகரத்தான என்னை, அதுவும் சபைக்கு வெளியே பதிவு அலுவலகத்தில், அவள் கட்டிக்கொண்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. மாமா கல்யாணத்துக்கு வந்தார், நீங்கள் வரவில்லை. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை அவள் தினமும் சுமக்கிறாள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

அது தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்கே மன்னிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்கிறேன்.

உங்கள் மேல் உள்ள அன்பினால்தான் இந்த அதிகப்பிரசங்கித்தனம்.

கீத்


பார்மத்,
26 ஜூன் 1986

திரு. ஓக்லி அவர்களுக்கு,

இந்தச் சுற்றில் மூன்று உலகங்களை இழந்துவிட்டேன். டாக்டர் இரண்டு, பெயர் தெரியாத ஒரு லீட்ஸ்காரர் ஒன்று. என் மக்கள் என் சிலையை உடைத்தார்களாம். எனக்குச் சிலை இருந்ததே இப்போதுதான் தெரியும். இதையெல்லாம் சொல்வது உங்கள் இரக்கத்துக்காக அல்ல. ஆட்சியாளர் என்ற முறையில் தெரிவிக்கிறேன்.

ஈடு கேளுங்கள் என்றேன். என் வீட்டைக் கேட்கச் சொல்லவில்லை. விளையாட்டில் எனக்குச் சுருக்கு விழுந்த நேரம் பார்த்து, அதைப் பிடித்து இழுத்து, என் பெண்ணிடம் நான் என்ன பேச வேண்டும் என்று கட்டளை போடுகிறீர்கள். பல் டாக்டர் பரவாயில்லை. அவர் தாதுவைத்தான் கேட்டார்.

ஒரு தாய் தன் மகளிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், அது ஒரு கிரகத்துக்கு விலையாகச் சொல்கிற விஷயமா? அப்படிச் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு?

ஈடாக மேற்கு எல்லையில் இரண்டு தாது உலகங்களைத் தருகிறேன். ஏற்றுக்கொண்டால் தாளை அனுப்புங்கள். இல்லாவிட்டால் இருக்கட்டும்.

ஒல்வென் பிரஸ்ஸர்


வுல்வர்ஹாம்ப்டன்,
6 ஜூலை 1986

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னது சரி. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஈடு என்ற இடத்தில் "எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். நீங்களே லென்தாலுக்கு அனுப்பிவிடுங்கள். நிபந்தனை ஒன்றும் கிடையாது.

நான் செய்ததை நெஸ்டாவிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் முள்கரண்டியை வைத்துவிட்டாள். "எங்கம்மாவ மன்னிப்பு கேக்க வைக்க உனக்கு ஒரு கிரகம் தேவைப்பட்டுதா கீத்?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம், "அவ எழுதினாலும் அந்தக் கிரகத்துக்காகத்தான் எழுதினான்னு நெனப்பேன். நீ அதையும் கெடுத்துட்ட" என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டாம் என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று, "இனிமே ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். எனக்கு நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் இரண்டாம் தேதி விமானம். வீட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டோம். திரும்பி வர எத்தனை வருடம் ஆகும் என்று எங்களுக்கே தெரியாது. அங்கிருந்து தாள் போய்ச் சேர்வதற்குள் மூன்று சுற்று ஓடிவிடும் என்பதால் மெர்சியாவை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லி லென்தாலுக்கு எழுதிவிட்டேன். புதியவரால் பழைய தாக்குதலுக்கு மன்னிப்புத் தர முடியாது. ஆகவே இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்காமல் உடனே அனுப்புங்கள்.

உங்களுக்கு இதை ஒரு விளையாட்டுக் கடிதத்தில் எழுத வேண்டி வந்ததற்கு வருந்துகிறேன்.

அன்புடன்,
கீத்


பார்மத்,
21 ஜூலை 1986

அன்புள்ள மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் வந்த அன்று கடையைத் திறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ. இருபத்தாறு வருடத்தில் இத்ரிஸின் அடக்கத்துக்கு ஒரு நாள், இதற்கு ஒரு நாள்.

நெஸ்டாவுக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்துத்தான் தபாலில் போடப் போகிறேன். இந்த முறை உறைகளை இரண்டு தடவை சரிபார்த்தேன். அவளுக்கு எழுதியதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அவள் அழுதால் ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் அன்று சொன்னது தவறு என்பதுகூட இல்லை, அது பொய். இத்ரிஸ் போன அந்த வெள்ளிக்கிழமை, மத்தியானமே அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார், "ஒல்வென், ஒரு மாதிரி இறுக்கமா இருக்கு, டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வரவா?" என்று. வெள்ளிக்கிழமை எங்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுப்பில் எண்ணெய் கொதிக்கிறது, இரண்டு மூட்டைக் கிழங்கு உரிக்காமல் கிடக்கிறது. கூட்டம் முடியட்டும், நாளைக்குப் போகலாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் கிழங்கு உரிக்கப் போனார். என்னை எதிர்த்துப் பேசாத மனிதர். ஆறு மணிக்குக் கூப்பிட்டேன், பதில் வரவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருக்க வேண்டும் என்றால் வேறு யாராவது காரணமாக இருக்க வேண்டும். அவள் சாண்ட்விச் தட்டோடு அவரைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் என் வாயில் அது வந்துவிட்டது. என் பெண்ணின் தலையில் என் பாவத்தைத் தூக்கி வைத்தேன். மாப்பிள்ளை, நான் கெட்டவள் இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று நான் செய்தது கெட்ட காரியம்.

உங்கள் மன்னிப்புத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன், லென்தாலுக்கு அனுப்பவில்லை. நீங்கள் நிபந்தனையை எடுத்துவிட்டீர்கள், அது பெருந்தன்மை. ஆனால் என் பெண்ணுக்கு என்னைத் தெரியும். அம்மா எதையும் சும்மா செய்ய மாட்டாள் என்பாள். இந்தத் தாள் ஸ்டாக்போர்ட் போய்ச் சேர்ந்து முத்திரை நீங்கினால், நான் எழுதியது அதற்காகத்தான் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டே இருப்பாள். அவ்வளவு தூரத்துக்கு அந்த நினைப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். முத்திரை இருக்கட்டும். போன சுற்றோடு ஏழு உலகங்கள் போய்விட்டன, ஐந்து மிச்சம். டாக்டர் அதையும் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை என்று அவளுக்குச் சொல்லுங்கள். அதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

அவள் பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயணத்துக்குக் கம்பளி உடுப்பு எடுத்து வையுங்கள். அங்கே செப்டம்பரில் குளிர்காலம் முடிந்திருக்காது என்று நூலகத்தில் பார்த்தேன்.

உங்களிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வராதது என் பிழை. என் பெண்ணுக்கு நல்ல மனிதர்தான் கிடைத்திருக்கிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் அத்தை ஒல்வென்


வுல்வர்ஹாம்ப்டன்,
27 ஜூலை 1986

அன்புள்ள அத்தைக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதங்களும் புதன்கிழமை ஒன்றாக வந்தன. நெஸ்டா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தன் பெயர் எழுதிய உறையைப் பார்த்தாள். இந்த முறை தாண்டிப் போகவில்லை. கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தாள். முதல் பக்கத்தை ஒரு முறை, இரண்டாம் பக்கத்தைப் பல முறை. பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அன்று வேலைக்குப் போகவில்லை.

அவள் அழுதாள், அத்தை. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது, அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அப்புறம், "இத்தன மாசமா அம்மா இத தனியா வச்சிக்கிட்டு கட நடத்தியிருக்கா" என்றாள். அப்பா அப்படித்தான், நெஞ்சு வலி என்றால்கூட மூட்டுவலி மாதிரிச் சொல்வார், யாராக இருந்தாலும் நாளைக்குப் போகலாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்லியிருப்பேன் என்றாள். இதை உங்களுக்கு அவளே நேரில் சொல்வாள். எழுத வரவில்லை என்கிறாள்.

சாயங்காலம்தான் விளையாட்டைப் பற்றிக் கேட்டாள். முத்திரை போய்விட்டதா என்றாள். இல்லை, தாளை அத்தை திருப்பி அனுப்பிவிட்டார் என்று சொல்லி, அதை எடுத்துக் காட்டினேன். எத்தனை உலகம் போனது என்றாள். ஏழு என்றேன். அவள் சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "எங்கம்மாவா? ஒரு சிப்ஸ் அதிகமா விழுந்தா எடுத்துத் திரும்பப் போடற எங்கம்மாவா?" என்றாள்.

அப்புறம் என் விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். ஆறு வருடத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் முறை. என்னைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கொடுக்காமல் அம்மாவுக்கு உதவ முடியுமா என்றாள். முடியும், ஆனால் துரோக முத்திரை விழுந்த நாட்டைக் காக்கப் படை அனுப்புகிற நாட்டுக்கும் அதே முத்திரை விழும், அதனால் யாரும் செய்வதில்லை என்றேன்.

"விழட்டும்" என்றாள்.

ஒப்படைப்பதற்கு முன்னால் மெர்சியாவுக்கு என் கையில் ஒரு சுற்று மிச்சம் இருக்கிறது. அதற்கு நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுத் தாள் எடுத்துத் தானே எழுதினாள். நான் அடியில் கையெழுத்து மட்டும் போட்டேன். லென்தாலுக்கு நேற்றே அனுப்பியாகிவிட்டது. அடுத்த செய்திமடலில் நம் இரண்டு பெயரும் ஒரே கறுப்புக் கட்டத்தில் வரும்.

வரும் சனிக்கிழமை நாங்கள் வருகிறோம். விமானம் ஏறும் வரை பெரும்பாலும் பார்மத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறாள், உங்களுக்குச் சம்மதம் என்றால். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், கூட்ட நேரம், கடையில் இருங்கள் என்று சொல்லச் சொன்னாள்.

அவள் எழுதிய உத்தரவின் நகலைக் கீழே எழுதியிருக்கிறேன். லென்தால் அதில் பாதியை ஏற்றுக்கொள்ள மாட்டார். நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை கீத்

"மெர்சியா. எல்லாப் படைகளும்: ஹார்லெக்குக்குப் போகவும். மிச்சம் இருக்கும் ஐந்து உலகங்களையும் சுற்றி நிற்கவும். யாரையும் தாக்க வேண்டாம். யார் வந்து கேட்டாலும் நாங்கள் ஹார்லெக்கின் ஆட்கள் என்று சொல்லவும்."